கருமலைக்காரர்களின் உச்சித் தூக்கம்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத அந்தக் காலத்தில், கருமலைச் சீமை என்று ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. கேட்பவர்கள் பெரியவர்களானாலும் சரி, பிள்ளைகளானாலும் சரி, சௌகரியமாகச் சாய்ந்துகொண்டே கேளுங்கள். இது அசந்து போனவர்களின் கதை. இதற்கெல்லாம் நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை.

கருமலையில் இரண்டு அதிசயங்கள் உண்டு. ஊருக்கு மேலே ஒரு மேடு. அந்த மேட்டில் கல்வீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் நெட்டுக்குத்தாய்ப் பலகைக் கற்கள், மேலே மூடிக்கு ஆனை அகலத்தில் ஒரு கல். அமாவாசைக்கு அமாவாசை ஒன்று கூடும். அது முதல் அதிசயம். அந்த ஊர்க்காரர்கள் உலகத்தில் வேறு யாரும் தூங்காத தூக்கம் தூங்குவார்கள், ஆனாலும் அவர்கள் அலுப்புத் தீராது. அது இரண்டாவது அதிசயம்.

எப்படித் தூங்குவார்கள் என்று சொல்கிறேன். உச்சிப்பொழுதில் அரண்மனையிலிருந்து பெரிய பெரிய மிடாக்களில் தேன் விட்ட தினைக்கஞ்சி வரும். ஆளுக்கு ஒரு கலயம் குடிப்பார்கள். குடித்ததும் கண் சொருகும். போட்டது போட்டபடி கிடக்க எல்லோரும் படுத்துவிடுவார்கள். பொழுது சாயும்போதுதான் விழிப்பு வரும். விழித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

தூக்கம் போதவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னும் அரைக் கலயம் சேர்த்துக் குடிப்பார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கஞ்சி அனுப்புகிறவன் வானமாயன் என்ற மாயாவி. மன்னன் நெடுங்கோவுக்கு வலக்கை மாதிரி. அவனுக்கு வயது என்ன என்று யாருக்கும் தெரியாது. முகம் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல எப்போதும் பளபளவென்று இருக்கும். அவன் கொட்டாவி விட்டு ஒருவரும் பார்த்ததில்லை. கல்வீடுகளை எழுப்புவது தன் மந்திரம்தான் என்று சொல்லிக்கொள்வான். யாரை வைத்து எழுப்புகிறாய் என்று மன்னன் கேட்டால், "இது மனுசக் கையால ஆகிற காரியமா, மன்னா?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பான். அதோடு விட்டுவிடுவான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

ஊர் எப்படிப் பார்த்துக்கொண்டது தெரியுமா? சுனையடியில் தினமும் இதே வழக்குத்தான். குயவன் ஆதன் பூதக் கட்சி. "பூதம்தான் செய்யுது. பனை உயரம். ஒரு கையால கல்லைத் தூக்கி, இன்னொரு கையால மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டே வெச்சிட்டுப் போயிடும்" என்பான். தேன் எடுக்கும் சடையன் குள்ளர் கட்சி. "அந்தக் கல்வீட்டு வாசலைப் பாத்தியா? முழ அகலம்கூட இல்ல. அதுக்குள்ள பூதம் எப்படி நுழையும்? வாலு வெச்ச குள்ளனுங்கதான். அவனுங்க விரல் பட்டா கல்லு வெண்ணெயா இளகிடும்" என்பான். மன்னனே மூன்றாவது கட்சி. வானத்திலிருந்து வெள்ளித் தேரில் இறங்குகிறவர்கள் கல்லைப் பஞ்சாக மிதக்கவிடுகிறார்கள் என்பது மன்னனுடைய எண்ணம். மன்னன் கட்சி என்பதால் அதில் ஆள் கொஞ்சம் அதிகம். மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. போனால் கண் அவிந்துவிடும் என்று வானமாயன் சொல்லி வைத்திருந்தான். அதுவும் போக, ஏறுவதற்கு யாருக்குத் தெம்பு இருந்தது?

எந்தக் கட்சியிலும் சேராதவள் கொற்றி. அவளுக்குக் கவலை வேறு. மூன்று மாதத்துக்கு முன் ஓர் உச்சிப்பொழுதில் அவளும் அவள் புருஷன் கீரனும் கஞ்சி குடித்துவிட்டு அடுத்தடுத்துப் படுத்தார்கள். பொழுது சாய்ந்து அவள் விழித்தபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

ஆதனிடம் போய்க் கேட்டாள். "பூதத்துக்கு எடுபிடிக்கு ஆள் வேணாமா? தூக்கிட்டுப் போயிருக்கும், தங்கச்சி" என்றான். சடையனிடம் கேட்டாள். "குள்ளனுங்க பொந்துக்குள்ள இழுத்திருப்பானுங்க" என்றான். கடைசியில் வானமாயனிடமே போய் நின்றாள். "உன் புருஷன் குடுத்து வெச்சவன். வானத்தார் தேரில ஏத்திக்கிட்டாங்க. நீ அழக்கூடாது. அழுதா அங்க தேர் ஆடும்" என்றான் அவன்.

அவளும் தேர் ஆடிவிடக் கூடாதே என்று அழாமல் இருந்து பார்த்தாள். எத்தனை நாள்தான் முடியும்? ஒருநாள் கலயத்தை வாய்க்குக் கொண்டுபோனபோது, கீரன் மீசையில் கஞ்சி ஒட்டிக்கொண்டிருக்கும் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. கஞ்சியை வேலியோரம் கொட்டிவிட்டு, அழுதபடியே சும்மா படுத்துக்கிடந்தாள்.

ஊர் அடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் மேட்டிலிருந்து சேகண்டிச் சத்தம் கேட்டது. டங், டங், டங். படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். கண் மூடியபடியே எழுந்தார்கள். ஆதன் எழுந்தான். சடையன் எழுந்தான். ஆதனுடைய பெண்சாதி நச்சி எழுந்தாள். அவளுக்கு இளைப்பு நோய், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். எல்லோரும் வரிசையாக மேட்டுச் சரிவை நோக்கி நடந்தார்கள். கொற்றியும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டாள்.

அங்கே அவள் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பூதம் இல்லை. குள்ளன் இல்லை. தேர் இல்லை. சிலர் பாறையின் மேல் கோடு கிழித்தாற்போல் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். பாறை பழுக்கக் காய்ந்ததும் சிலர் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். பாறை சடாரென்று பிளந்தது. சிலர் உருளைக் கட்டைகளை அடுக்கினார்கள். மிச்சப் பேர் ஆத்தி நார்க் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். எல்லாம் தூங்கிக்கொண்டே. வானமாயன் ஓலைக்குடை நிழலில் உட்கார்ந்து சேகண்டி அடித்துக்கொண்டிருந்தான். அடிக்க அடிக்க இவர்கள் முகம் வாடியது, அவன் முகம் பளபளத்தது. இவர்கள் தெம்பெல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் வந்த மாதிரியே திரும்பிப் போய்ப் படுத்தார்கள், விழித்தார்கள்.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்கள்.

கொற்றி திரும்பிப் போகவில்லை. சரிவிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் காலடியில் ஓர் உடும்பு கடைசி வெயிலைக் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் உடும்பு பேசும். மனிதர்களோடு பேசிப் பேசிச் சலித்துப்போய்த்தான் பிற்பாடு விட்டுவிட்டது.

"நீ முழிச்சிருக்கியா? நல்லதாப் போச்சு" என்றது உடும்பு. "உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. கல்லை இழுக்குறேன்னு இதுவரைக்கும் என் வளை மூணை நசுக்கிட்டாங்க. ஒரு பொழுதாவது நிம்மதியா வெயில் காய விடுறீங்களா?"

"எம் புருஷன் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கொற்றி. அவளுக்கு வேறு கேள்வி ஏது?

"தெரியாம என்ன? அன்னைக்கு அந்த இளைப்புக்காரிக்கு மூச்சு முட்டிச்சு. சேகண்டிக்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு அடிச்சுது. உன் ஆளு தூக்கத்துலயே கயித்தை விட்டுட்டு, விழப்போனவளைத் தாங்கிப் பிடிச்சான். பிடிச்ச நிமிசம் முழிப்பு வந்துடுச்சு. மாயாவி பாத்தான். ஒரு பிடி சாம்பலை ஊதினான். அதோ, சரிவுக்குக் கீழே நீட்டிக் கிடக்கான் பாரு."

கீழே இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு நெடுங்கல் கிடந்தது. அன்று உச்சியிலிருந்து அதை அவள் மூன்று முறை தாண்டிப் போயிருந்தாள். கொற்றி போய் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, தேர் ஆடினால் ஆடட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.

உடும்பு பின்னாலேயே ஊர்ந்து வந்தது. "அழுது முடிச்சிட்டியா? கேளு. மன்னன் தனக்குன்னு கட்டச் சொன்ன கல்வீட்டுக்கு முன்னால நடறதுக்கு இந்தக் கல்லைத்தான் வெச்சிருக்கான். நாளைக்கு உச்சியில மேட்டுக்கு ஏத்துவாங்க. தூங்குறவங்க கை நட்டுச்சுன்னா, உலகம் அழியிற வரைக்கும் இவன் கல்லு. முழிச்சிருக்கிறவங்க, இது எங்க கைதான்னு தெரிஞ்சு நட்டாங்கன்னா, இவன் மனுசன். உனக்கு இருக்கிறது ஒரு காலைப்பொழுது. இப்ப நகரு, வெயிலை மறைக்காதே."

மறுநாள் விடிந்ததும் கொற்றி சுனையடிக்குப் போனாள். கண்டதையும் உடும்பு சொன்னதையும் சொன்னாள். நம்பினார்களா? மூன்று கட்சிக்காரர்களும் முதல்முறையாக ஒன்று சேர்ந்து அவளைத் திட்டினார்கள்.

"நாம இழுத்தோமா? தண்ணிக் குடம் தூக்கவே முடியல எனக்கு" என்றாள் ஒருத்தி.

"அப்ப பூதம் எங்க போச்சு?" என்றான் ஆதன்.

"நாமதான் செஞ்சோம்னா இவ்ளோ அலுப்பா இருப்போமா? செஞ்சவன் பலசாலியால்ல இருக்கணும்?" என்றான் சடையன். அந்த நியாயத்தைக் கேட்டுக் கொற்றிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றுத் துண்டை எடுத்து அவர்கள் நடுவில் போட்டாள். மேட்டிலிருந்து அறுத்துக்கொண்டு வந்தது.

கருமலை வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. உறி கட்டினாலும், தொட்டில் கட்டினாலும், மாடு கட்டினாலும் அந்த வீட்டு முடிச்சில்தான் கட்டுவார்கள். மருமகளாக வருகிறவள் அடுப்புப் பற்றவைக்கும் முன்பு மாமியாரிடம் அந்த முடிச்சைக் கற்றாக வேண்டும். வெளியாளுக்குச் சொல்லித்தரமாட்டார்கள், கேட்டாலே கோபித்துக்கொள்வார்கள்.

நச்சி குனிந்து கயிற்றை எடுத்தாள். ஒட்டுப்போட்டிருந்த இடத்தில் விரல் நின்றது. இரண்டு சுற்று, ஒரு கோப்பு, திருப்பி உள்ளே ஒரு மடிப்பு.

"இது எங்க வீட்டு முடிச்சாச்சே" என்றாள் மெதுவாக. "இதை எங்க மாமியாரும் நானும் தவிர யாரும் போட மாட்டாங்க. அவங்க செத்து ஆறு வருசம் ஆச்சு."

"அடுத்த முடிச்சைப் பாரு" என்றாள் கொற்றி.

அடுத்தது சடையன் வீட்டுடையது. தேன் எடுக்க மலைமுகட்டில் தொங்கும்போது அவன் உயிர் அந்த முடிச்சில்தான் இருக்கும், அவனுக்குத் தெரியாதா? கயிற்றைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் தோளைத் தடவினான். பக்கத்தில் நின்றவனும் தடவினான். எல்லோருடைய வலத்தோளிலும் ஒரே மாதிரி காய்த்துப்போன தழும்பு. தூங்கும்போது பாய் அழுந்திய தடம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"குள்ளனுங்க என் முடிச்சைக் களவாடியிருப்பானுங்களோ?" என்றான் சடையன். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

"என் புருஷன் அங்க கல்லாக் கெடக்கார்" என்றாள் கொற்றி. "இன்னைக்கு ஒருநாள் கஞ்சி குடிக்காதீங்க. ஒரே ஒருநாள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

யாருக்கும் விருப்பமில்லை என்பதுதான் உண்மை. அலுத்துப்போன உடம்புக்குக் கஞ்சியும் தூக்கமும் தவிர வேறு என்ன சுகம்? நச்சிதான் முதலில் சரி என்றாள். "என்னைத் தாங்கப் போய்த்தானே அண்ணனுக்கு இந்தக் கதி" என்றாள். மற்றவர்கள் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள். உச்சியில் கஞ்சி வந்தது; வாங்கி வேலியோரம் கொட்டினார்கள். சேகண்டி அடித்தது, கண்ணைத் திறந்துகொண்டே நடந்து போனார்கள்.

மேட்டில் அன்று மன்னன் நெடுங்கோவும் வந்து உட்கார்ந்திருந்தான். கண் அவிந்தாலும் சரி, தன் கல்வீட்டுக்குத் தேர்க்காரர்கள் கல் கொண்டுவருவதைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்ற ஆசை. வந்தவர்கள் தன் குடிமக்கள் என்று கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். வானமாயன் மட்டும் அசரவில்லை.

"ஓ, முழிச்சுக்கிட்டீங்களா? இழுத்துப் பாருங்களேன்" என்றான். "மனுசக் கையால ஆகிற காரியமா இது?"

நெடுங்கல்லில் கயிற்றைப் பூட்டினார்கள். ஊரிலேயே பலசாலி சடையன், அவனை முன்னால் விட்டார்கள். அவன் தன் வேகத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தான். பின்னால் நின்றவர்கள் பாதிப்பேர் குப்புற விழுந்தார்கள். கல் அசையவில்லை. "சொன்னேன்ல" என்றான் வானமாயன்.

இரண்டாவது தடவை. சேகண்டி அடித்துக்கொண்டே இருந்தது. பழகிய உடம்பு, அந்தத் தாளத்துக்கே கால் வைத்தது. கல் நகர்ந்தது. பாதிச் சரிவு ஏறியது. கொற்றி திரும்பிப் பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராகக் கண் செருகிக்கொண்டிருந்தது. கஞ்சி குடிக்காமலே தூக்கம் வந்துகொண்டிருந்தது. இன்னும் நாற்பது அடி போனால் தூங்குகிறவர்கள் கைதான் கீரனை நடும். அந்தச் சமயம் நச்சி மூச்சு முட்டிச் சரிந்தாள்.

கொற்றி கயிற்றை விட்டுவிட்டு ஓடி அவளைப் பிடித்தாள். கல் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே இறங்கியது. எல்லோரும் திடுக்கிட்டு விழித்தார்கள். புருஷனைப் பாதி மேட்டில் நழுவவிட்டோமே என்று கொற்றி நொந்துகொண்டாள். அவ்வளவு அலுப்பு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அங்கேயே படுத்துவிடலாம் என்று இருந்தது. மடியில் நச்சி புஸ், புஸ்ஸென்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"நச்சி மூச்சுக்கு இழுப்போம்."

"என் மூச்சுக்கா?" என்றாள் நச்சி. "வேணாம் மதினி. பொழுது சாஞ்சுடும்."

"சாயட்டும். நீ மூச்சை உள்ளே இழுக்கிறப்ப நாங்க கயித்தை இழுக்குறோம். நீ விடுறப்ப கல்லுக்கு அடியில கட்டை குடுக்குறோம். உனக்கு முடியலைன்னா எல்லாரும் உக்காந்துக்கலாம்."

அப்படித்தான் செய்தார்கள். நச்சி மூச்சை இழுத்தாள், இவர்கள் கயிற்றை இழுத்தார்கள். நச்சி மூச்சை விட்டாள், இவர்கள் கட்டை கொடுத்தார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு சாண். சில மூச்சுக்கு விரற்கடைதான். நடுவில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி எழுந்தார்கள். வானமாயன் சேகண்டியை வேகவேகமாக அடித்துப் பார்த்தான். எல்லோர் காதும் நச்சியின் மூச்சிலேயே இருந்தது, சேகண்டி யாருக்குக் கேட்டது? ஒருவர் கண்ணும் செருகவில்லை. அடுத்தவள் மூச்சைக் கவனித்துக்கொண்டே எப்படித் தூங்க முடியும்?

"உங்களால ஆகாது, ஆகாது" என்று கத்தினான் வானமாயன். அப்போது அவன் வாய் தானாகப் பிளந்தது. அவன் வாழ்நாளில் விட்ட முதல் கொட்டாவி அது.

பொழுது சாயும் வேளையில் நெடுங்கல் அதை நடத் தோண்டியிருந்த குழிக்கு அருகே வந்துவிட்டது. அடியில் நெம்புகட்டை கொடுத்து, தலைப்பக்கம் கயிறு கட்டி, நச்சியின் இன்னும் மூன்று மூச்சுக்குக் கல்லை நிமிர்த்தினார்கள். முதல் மூச்சுக்கு மண்ணைவிட்டு எழும்பியது. இரண்டாவது மூச்சுக்குப் பாதி நிமிர்ந்தது. மூன்றாவது மூச்சுக்குக் குழிக்குள் இறங்கி நின்றது.

"எங்க கைதான்" என்றாள் கொற்றி. கயிற்றில் இருந்த அத்தனை பேரும் அலுப்போடு அதையே சொன்னார்கள். கல் படபடவென்று பொரிந்து உதிர்ந்தது.

அந்த நிமிஷமே, இத்தனை வருஷமாக வானமாயன் ஊரார்மேல் ஏற்றிவிட்ட அலுப்பெல்லாம் அவன்மேல் வந்து உட்கார்ந்தது. பளபளத்த முகம் தொய்ந்தது. குடையைப் பிடித்த கை தொய்ந்தது. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கே" என்று முனகிக்கொண்டே சேகண்டிமேல் தலையை வைத்துப் படுத்தான். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்கிறார்கள்.

மன்னன் ஓடிவந்தான். "இதைச் செய்தது எந்தப் பூதம்?" என்று கேட்டான், கண்ணால் பார்த்துவிட்டே.

"இந்தப் பூதத்துக்கு நச்சின்னு பேரு, மன்னா. எம் பொண்டாட்டிதான்" என்றான் ஆதன்.

மன்னன் வெட்கப்பட்டான். அன்றோடு உச்சிக் கஞ்சியை நிறுத்தினான். தன் கல்வீட்டு ஆசையை விட்டுவிட்டு, மேட்டை ஊராருக்கே கொடுத்துவிட்டான். பிற்பாடு அவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு அங்கே கல்வீடு எழுப்பினார்கள், கண் விழித்துக்கொண்டு, கூட்டத்தில் மெலிந்தவர் யாரோ அவர் மூச்சுக்கு. வழிப்போக்கர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இது பூதம் செய்தது, வானத்தார் செய்தது என்று அடித்துப் பேசுவார்கள். ஊர்க்காரர்கள் மறுத்துப் பேச அலுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். சடையன் மட்டும் கடைசிவரை, ஒரு குள்ளனாவது கை கொடுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனை விடுங்கள்.

அன்று சாயங்காலத்துக்கு வருவோம். பொரிந்த கல்லுக்குள்ளிருந்து கீரன் வந்தான். விழுகிறவளைத் தாங்கியபடி இரண்டு கையும் அப்படியே நீட்டியிருந்தது. கண்ணைக் கொட்டிக்கொண்டு சுற்றிலும் தேடினான்.

"நச்சி கீழே விழுந்துட்டாளா? பிடிச்சேனே."

"மூணு மாசம் கழிச்சு வந்து, மொத வார்த்தையா நச்சியைத்தான் கேக்குறீங்க" என்றாள் கொற்றி. சொல்லிவிட்டு அவன் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்தினாள். அதற்குமேல் முடியாமல் அந்த நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

கீரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது.

"என்னடி இது? எதைத் தூக்கினே?"

"உங்களைத்தான்" என்றாள் கொற்றி. "லேசுப்பட்ட ஆளா நீங்க?"

அன்று அந்த ஊர் மொத்தமும் மேட்டிலேயே, கிடைத்த இடத்தில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கஞ்சி இல்லாமல் தூங்கியது. அவர்கள் அங்கே நன்றாகத் தூங்கட்டும். கதை சொன்ன எனக்கும் கண் சொருகுகிறது. சத்தம் போடாமல் எழுந்து போங்கள்.